நாற்பத்தைந்து எண்ணும் வரை

லேப் சார் அந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை. முதலில் அவர் சாரே கிடையாது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவர் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவது, பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது, தராசுத் தட்டைத் துடைப்பது, இயற்பியல் டீச்சர் கையை நீட்டினால் அந்தக் கையில் லென்ஸை வைப்பது, இவ்வளவுதான் அவர் உத்தியோகம். பதினெட்டு வருஷமாக முழங்கால் வரை தொங்கும் வெள்ளைக் கோட்டில் நடமாடியதைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களாகவே அவரை சார் ஆக்கிவிட்டார்கள். நான் சார் இல்லப்பா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த மனுஷனுக்கு எதற்குத்தான் வாய் வந்தது, இதற்கு வர?

இயற்பியல் டீச்சர் பிரசவத்துக்காக லீவில் போனார். மாற்று ஆள் வர ஒரு மாதம் ஆகும் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. தலைமையாசிரியை லேப் சாரைக் கூப்பிட்டு, ஒன்பதாம் வகுப்பை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பாடம் நடத்தவெல்லாம் வேண்டாம், கூரை பிய்த்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். 'ஒளி' என்ற பாடம் பாக்கி இருந்தது. லேப் சார், சரிங்க மேடம் என்றார். அவரிடம் எதைச் சொன்னாலும் சரிதான். கொஞ்ச காலமாக அந்த ஒரு வார்த்தையை வைத்தே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச காலம் என்றால் பதினாலு மாதம். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மனைவி தலை வலிக்கிறது என்று வேலைக்குப் போகாமல் படுத்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டது லேப் சார்தான். யார் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து நிழலுக்கு நகர்த்தினார். எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இதில் ஒன்றுக்குக் கால் ஆடுகிறது, யாரையாவது கவிழ்த்துவிடப் போகிறது என்று வாடகைக் கடைக்காரரிடம் எடுத்துச் சொன்னார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. உறவுக்காரர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். கல்நெஞ்சு என்றார் ஒருத்தர். அதிர்ச்சிதான், நாலு நாளில் கொட்டித் தீர்த்துவிடுவார் என்றார் இன்னொருத்தர். நாலு நாள் போனது, நாலு மாதம் போனது, கொட்டவும் இல்லை, தீரவும் இல்லை.

அவருக்கே அது பயமாக இருந்தது. ஒருநாள் அலமாரியைத் திறந்து அவளுடைய துணிகளை எடுத்துக் கட்டிலில் பரப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். துணி துணியாகத்தான் இருந்தது. மடித்துத் திரும்ப வைத்துவிட்டார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவருக்குப் பிடிபடுவதில்லை. மகளின் முகம் போகிற போக்கைப் பார்த்துத்தான் இன்றைக்கு உப்பு தூக்கலாகிவிட்டது என்று கண்டுபிடிப்பார்.

மகளுக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். பதினாலு வயதாகியும் பாப்பாதான். அவளும் அதே பள்ளிக்கூடத்தில் அதே ஒன்பதாம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றே, பள்ளிக்கூடத்துக்குள் நீங்கள் எனக்கு சார், வாசலைத் தாண்டினால் அப்பா என்று சட்டம் போட்டுவிட்டாள். அம்மா இருந்தவரை அந்தச் சட்டம் ஒரு வேடிக்கையாக இருந்தது. சாப்பிடும்போது, உங்க லேப் சார் இன்னைக்கு என்ன உடைச்சார் என்று அம்மா கேட்பாள், மகள் அவரையே பார்த்துக்கொண்டு அவரைப் பற்றிக் கோள் சொல்லுவாள், மூன்று பேரும் சிரிப்பார்கள். இப்போது மேஜையில் இரண்டு தட்டு. கரண்டி தட்டில் படும் சத்தம் மட்டும் கேட்கும்.

வகுப்பு அவர் தலையில் விழுவதற்கு ஒரு வாரம் முன்னால் பாப்பா அவர் எதிரே வந்து நின்றாள். சித்தி வீட்டுக்குப் போய் அங்கே படிக்கட்டுமா என்று கேட்டாள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. ரயிலில் ஒன்பது மணி நேரம் போக வேண்டிய ஊரில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு பெண்கள், வீட்டில் எந்நேரமும் கூச்சலும் கும்மாளமுமாக இருக்கும். அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, சித்தி ஏற்கெனவே பேசி வைத்துவிட்டாள், வருகிற மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவாளாம். பாப்பா ஒப்பித்து வைத்திருந்ததைப் போல மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"சரிம்மா" என்றார் அவர்.

அவள் போகவில்லை. மேஜை விளிம்பை விரலால் தேய்த்தபடி அங்கேயே நின்றாள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

சாப்பிட்டாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். திரும்பி அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் யோசிக்காமல் இல்லை. போகாதே என்று சொல்லலாம்தான். ஆனால் அப்படிச் சொல்ல ஒரு தவிப்பாவது இருக்க வேண்டாமா? உள்ளே தேடிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அழக்கூடத் தெரியாதவன் ஒரு பெண்ணைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்ள என்ன நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. சித்தி சிரிப்பாள், திட்டுவாள், கட்டிப்பிடிப்பாள், அங்கேயாவது பிள்ளை நன்றாக இருக்கட்டும். இப்படி ஒரு மடத்தனமான நியாயத்தை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்கப் போனார் என்றால் பாருங்கள்.

இந்த லட்சணத்தில்தான் வகுப்புக்குப் போனார். முப்பத்தொரு பிள்ளைகள். முதல் நாள் அவரைப் பேசவே விடவில்லை. சும்மா உட்கார வைத்திருந்தால் கூரை நிச்சயம் போய்விடும் என்று புரிந்ததும், மறுநாள் ஆளுக்கு ஒரு காலி டப்பா கொண்டுவரச் சொன்னார். பால் பவுடர் டப்பா, பிஸ்கட் டப்பா, எதுவானாலும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். இதில் கேமரா செய்யப் போகிறோம் என்றதும் வகுப்பு கப்சிப் ஆனது.

அவருக்கு இது தெரிந்ததில் ஆச்சரியமில்லை. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவுகிறவராக இருந்தார். முதலாளி இல்லாத நேரங்களில் பாஸ்போர்ட் படமும் எடுப்பார். அங்கேதான் தன் மனைவியை முதலில் பார்த்தார். பரீட்சை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்தவள், மூன்று தடவை எடுத்தும் மூன்றிலும் கண்ணை மூடியிருந்தாள். கொஞ்சம் அசையாம இருங்க என்று அவர் கெஞ்சியதற்கு, அசையாம இருக்க நான் என்ன பீரோவா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நாலாவது படமும் பாழ். கல்யாணமான பிறகும் அவளை ஒழுங்காக ஒரு படம் எடுக்க அவரால் முடிந்ததில்லை.

டப்பாக்கள் வந்து சேர்ந்தன. உட்பக்கம் முழுக்கக் கருப்பு வண்ணம் அடித்துக் காயவைத்தார்கள். பக்கவாட்டில் ஒரு சன்னல் வெட்டி, குளிர்பானக் கேனிலிருந்து நறுக்கிய மெல்லிய தகட்டை அதில் ஒட்ட வேண்டும். தகட்டின் நடுவில் ஊசி முனையால் துளை. குத்திவிட்டு உப்புத்தாளில் தேய்த்துப் பிசிறை எடுத்து, மறுபடி ஊசியை விட்டுச் சுழற்றித் துளையை வட்டமாக்க வேண்டும். ஓட்டை சின்னதாக இருந்தால் எதிரில் இருக்கிறதெல்லாம் உள்ளே வரும், பெரிதாகிவிட்டால் வெறும் வெளிச்சம்தான் வரும் என்று சொல்லிக்கொடுத்தார். துளைக்கு மேல் ஒரு கருப்பு டேப், அதுதான் கதவு. திறந்தால் படம் ஆரம்பம், ஒட்டினால் முடிந்தது. லென்ஸ் இல்லை, பொத்தான் இல்லை, கிளிக் என்ற சத்தமும் இல்லை.

தகட்டைக் குத்திக் காட்டும்போது ஊசி அவருடைய இடது பெருவிரலில் ஏறிவிட்டது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். முன் வரிசையில் இருந்த பெண், சார் ரத்தம் என்று கத்தினாள். குனிந்து பார்த்தால் மேஜையில் நாலைந்து சொட்டு. யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கோட்டில் துடைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். பின் வரிசையில் பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆய்வகத்துப் பொருள் அறையின் சன்னலைக் கருப்புத் துணியால் மூடி, ஒரு சிவப்பு விளக்கைப் போட்டு அதை இருட்டறை ஆக்கினார். ஐந்து ஐந்து பேராக உள்ளே போய், வெளிச்சம் படாத தாளை டப்பாவுக்குள் துளைக்கு எதிரே வளைத்துப் பொருத்தி, மூடியை இறுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். தாளில் மருந்து பூசிய பக்கம் துளையைப் பார்க்க வேண்டும். இருட்டில் அதைக் கண்டுபிடிக்க வழி, தாளின் ஓரத்தை உதட்டால் தொட்டுப் பார்ப்பது. ஒட்டினால் அதுதான் மருந்துப் பக்கம். முப்பத்தொரு பிள்ளைகளும் தாளுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டு நின்றதைத் தலைமையாசிரியை எட்டிப் பார்த்திருந்தால் அன்றோடு லேப் சாரின் உத்தியோகம் காலியாகியிருக்கும்.

முதல் நாள் எடுத்ததில் தேறியது ஏழுதான். அவசரக்குடுக்கை என்று வகுப்பே அழைக்கும் ஒரு பையன், படம் வந்திருக்கிறதா என்று பார்க்க நடு மைதானத்தில் வெயிலில் மூடியைத் திறந்துவிட்டான். வந்திருந்த படம் அவன் பார்த்த அந்த நொடியிலேயே போய்விட்டது. வந்துச்சான்னு பாக்கத்தான் சார் திறந்தேன் என்று மூக்கைச் சிந்தினான். இன்னும் நாலு பேர் தாளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் டேப்பை எடுக்கவே மறந்து அரை மணி நேரம் டப்பாவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். லேப் சார் யாரையும் வையவில்லை. கோபம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதை இரண்டு நாள் பரிசோதித்துப் பார்த்தார்கள். இருபது விநாடியில் தாள் வெளிறிக் கிடந்தது. இரண்டு நிமிஷத்தில் கன்னங்கரேல் என்று ஆனது. காலை பத்து மணி வெயிலுக்கு நாற்பத்தைந்து விநாடி கச்சிதம் என்று முடிவானது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் டப்பா ஆடிவிடும், மனசுக்குள் எண்ணுங்கள் என்றார். அவர் எண்ணிக்கை மட்டும் கடிகாரத்தோடு ஒட்டிப் போகும், ஒரு விநாடி பிசகாது. பிள்ளைகள் பந்தயம் கட்டிச் சோதித்தார்கள், தோற்றார்கள். பாப்பாவுக்கும் அந்த எண்ணிக்கை கைவந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது வாரம் முகம். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ஒருவரை ஒருவர் எடுக்க வேண்டும். எதிரில் இருப்பவர் நாற்பத்தைந்து விநாடி அசையக் கூடாது. முப்பத்தொன்றை இரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சுமே, அந்த ஒன்று பாப்பா. தோழிகள் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். ஊரைவிட்டுப் போகிறவளோடு ஜோடி சேர்ந்து என்ன பண்ண என்று நினைத்தார்களோ என்னவோ. அவள் டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். நீங்க உட்காருங்க சார் என்றாள்.

அவர் மைதானத்து ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் டப்பாவை ஸ்டூலில் வைத்து, மேலே ஒரு செங்கல்லைப் பாரமாக வைத்து, டேப்பைப் பிரித்தாள். அவர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. ஒரு ஈ புருவத்தில் உட்கார்ந்து நிதானமாக மேய்ந்துவிட்டுப் போனது.

இருட்டறையில் தாள்களை ஒன்றொன்றாக மருந்துத் தட்டில் போட்டார்கள். சிவப்பு வெளிச்சத்தில் கருப்பும் வெள்ளையும் மாறிய முகங்கள் மேலே வந்தன. ஒருத்திக்கு மூக்கு இரண்டு. ஒருவனுக்குக் கண்ணே இல்லை, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியவன் முகம் மாவு பிசைந்ததுபோல் இருந்தது. எல்லாம் மங்கல், எல்லாம் கலங்கல். பாப்பாவின் தாள் மட்டும் கத்தி மாதிரி வந்தது. கோட்டுப் பொத்தானின் நாலு ஓட்டை, பையில் செருகிய பேனாவின் கிளிப், இமை முடி. கூட இருந்த நாலு பேரும் வாயைப் பிளந்தார்கள். லேப் சார் ஆளா, சிலையா என்று ஒருத்தி கேட்க, சிரித்துக்கொண்டே நாலு பேரும் வெளியே செய்தியைப் பரப்ப ஓடினார்கள்.

அவருக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமை என்று சொல்ல முடியாது, வேலை சரியாக வந்தால் இருக்குமே, அது. நல்லா வந்திருக்கு பாத்தியா என்று மகளிடம் சொன்னார்.

பாப்பா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துக்குள் நின்றுகொண்டு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சட்டத்தை மீறினாள்.

"நீங்க கொஞ்சங்கூட அசையலப்பா" என்றாள். "அம்மா போன அன்னைக்கும் இப்படியேதான் இருந்தீங்க. நான் போறேன்னு சொன்னப்பவும் இப்படியேதான்."

அவர் வாயைத் திறந்தார். வாய் திறந்தது என்னவோ உண்மை. அதிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"தாளை எடுத்து ஹைப்போல போடும்மா. நேரமாச்சு."

அவள் இடுக்கியால் தாளை எடுத்து, படத்தை அழியாமல் நிறுத்தும் ஹைப்போ கரைசல் இருந்த அடுத்த தட்டில் போட்டாள். கை கழுவிக்கொண்டு வெளியே போனாள். அவர் சிவப்பு விளக்கின் கீழே தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஆளை அறைந்தால் தேவலை என்று அவருக்கே தோன்றியது. தோன்றியதோடு சரி.

வியாழக்கிழமை தலைமையாசிரியை அறையில் டி.சி. விண்ணப்பம் வைத்திருந்தார்கள். பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு குறி. நல்லா யோசிச்சீங்களா, நடு வருஷத்துல பிள்ளையை மாத்துறீங்களே என்று தலைமையாசிரியை கேட்டார். யோசிச்சேங்க மேடம் என்றார். நீங்க தனியா எப்படி என்று மேடம் ஆரம்பித்ததும், பேனா எழுதவில்லை, வேறு பேனா இருக்கிறதா என்று லேப் சார் கேட்டார். கையெழுத்தைத் தெளிவாகப் போட்டார். கோடு கொஞ்சங்கூட நடுங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாடத்தின் கடைசி நாள். ஆளுக்கு ஒரு தாளை டப்பாவில் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் ஒரு படம் எடுத்து, திங்கட்கிழமை கொண்டுவந்து கழுவ வேண்டும். பிள்ளைகள் வரிசையாக இருட்டறைக்குப் போய் வந்தார்கள். கடைசி ஆளாகப் பாப்பாவும் போனாள். தாளைப் பொருத்திக்கொண்டு டப்பாவோடு வெளியே வந்தாள். திங்கட்கிழமை அவள் இங்கே இருக்க மாட்டாள். அப்புறம் எதற்கு எடுத்துக்கொண்டாள் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் ஒரு கையில் புத்தகப் பை, மறு கையில் டப்பா. ஒன்றை நான் வாங்கிக்கிறேன் என்றார். பரவாயில்லை என்றாள்.

சனிக்கிழமை முழுக்கப் பெட்டி கட்டினாள். எது வேண்டும் எது வேண்டாம் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எடுத்துக் கொடுத்தார். போர்வையைச் சுருட்டிக் கட்டினார். பெட்டியின் ஜிப் சிக்கியது, மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட வைத்தார். ஒரு பெண்ணை வீட்டை விட்டு அனுப்புவதற்கு இவ்வளவு ஒத்தாசையாக யாரும் இருந்திருக்க முடியாது. மாலையில் அவள் அறையில் சுவர் மட்டும் மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. சித்தி விடிகாலை ரயிலில் வந்து இறங்கி, அந்த ஊரிலேயே ஒரு சிநேகிதி வீட்டில் குளித்துவிட்டு, டாக்ஸியில் வருவதாக ஏற்பாடு. பதினொன்றரைக்குத் திரும்பும் ரயில். வீட்டுக்குள் உட்காரக்கூட நேரமில்லாமல் திட்டம் போட்டிருந்தாள். அக்கா இல்லாத வீட்டில் உட்கார அவளால் முடியவில்லை என்பதை அவர் எப்படி அறிவார்?

பாப்பா டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல தாள் அப்படியே இருக்கு" என்றாள். "என்னை ஒன்னு எடுங்க. நாளைக்கு நீங்களே கழுவி வச்சுக்கங்க."

அவர், சரி என்றார். வேறென்ன சொல்வார்.

எதிரே சுற்றுச்சுவர் இடுப்பு உயரம். டப்பாவை அதன்மேல் வைத்தார். சுவர் ஓரத்தில் கிடந்த அரைச் செங்கல்லை எடுத்துப் பாரமாக வைத்தார். பாப்பா வாசல் படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பெட்டி. வெயில் படியில் நேராக விழுந்தது. ஒரு தடவை குனிந்து டப்பாவையும் படியையும் கோடு பிடித்துப் பார்த்தார். அவள் முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, முகவாயை உயர்த்தி, துளையைப் பார்த்தாள். அவர் டேப்பைப் பிரித்தார்.

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். தெருவில் ஒரு சைக்கிள் போனது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். பத்து. பதினைந்து. எண்ணும்போது எதிரில் இருக்கிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த வீட்டில் பதினாலு மாதமாக அவர் செய்யாத காரியம் அது. அவள் கன்னத்து எலும்பு தெரிந்தது. எப்போது இப்படி இளைத்தாள்? இருபத்தைந்து. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு, மூன்று வயதில் கதவில் மோதிக்கொண்டது. முப்பது. உட்கார்ந்திருக்க முடியாமல் நெளிகிற பெண் அது, அவள் அம்மாவைப் போலவே. இன்றைக்கு மூச்சுவிடுவதே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நாற்பத்து மூன்று. நாற்பத்து நாலு. கை டேப்பின் நுனிக்குப் போனது. நாற்பத்தைந்து.

ஒட்ட வேண்டும். ஒட்டினால் வேலை முடிந்தது. விரல் டேப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. நாற்பத்தாறு என்று எண்ணினார். நாற்பத்தேழு. பதினெட்டு வருஷமாக, அதற்கு முன்னால் ஸ்டூடியோ காலத்திலிருந்து, ஒரு விநாடி பிசகாத மனுஷன் அவர். ஐம்பது. அறுபது. நெஞ்சுக்கு நடுவில் ஏதோ குத்தியது. மரத்துப்போன காலில் ரத்தம் ஏறும்போது முள் முள்ளாகக் குத்துமே, அப்படிக் குத்தியது. நிற்கும் என்று பார்த்தார், கூடிக்கொண்டே போனது. வலித்தது. அவருக்கு வலித்தது. மனைவியின் துணிகளை முகர்ந்தபோது வராத வலி, ஊசி ஏறியபோது தெரியாத வலி, மொத்தமும் இப்போது வழி கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. எழுபது. எண்பது.

தெருமுனையில் டாக்ஸி திரும்பியது. வாசலில் வந்து நின்று, சித்தி இறங்கினாள். படியில் ஒருத்தி, சுவரோரம் ஒருத்தர், இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்காததைக் கண்டு அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன மாமா, கிளம்பலாமா, வண்டி நிக்குது என்றாள்.

"படம் எடுக்கிறார் சித்தி. அசையக் கூடாது" என்றாள் பாப்பா, உதட்டை ஆட்டாமல்.

சித்தி கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் போனது. இன்னொரு நிமிஷமும் போனது. டாக்ஸிக்காரர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து எட்டிப் பார்த்தார். இருநூற்று முப்பது. இருநூற்று நாற்பது.

"அப்பா" என்றாள் பாப்பா.

"ம்."

"நாப்பத்தஞ்சு எப்பவோ முடிஞ்சிருச்சு. நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

"தெரியும்."

"இந்நேரம் தாள் முழுக்கக் கருப்பாயிருக்கும்."

"ஆகட்டும்."

அவர் முகம் எப்படியெல்லாமோ கோணியது. கண்ணிலிருந்து இறங்கியது தாடையில் தொங்கிக் கோட்டு இல்லாத சட்டையில் விழுந்தது. துடைக்க இன்னொரு கை இருப்பதே அவருக்கு ஞாபகமில்லை.

"மூடிட்டா நீ எழுந்து போயிருவே" என்றார்.

இதைச் சொல்ல அவருக்குப் பதினாலு மாதம் ஆனது. சொல்லி முடித்ததும் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். டாக்ஸிக்காரர் காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். பாப்பாவின் கன்னத்திலும் தண்ணீர் ஓடியது. அவள் முழங்காலில் இருந்த கையை எடுக்கவில்லை, முகவாயைத் தாழ்த்தவில்லை, துளையை விட்டுக் கண்ணை அகற்றவும் இல்லை.

"அப்ப மூடாதீங்க" என்றாள்.

சித்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டாக்ஸிக்காரரிடம் போய் ஏதோ சொல்லி அவரை அனுப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.